வெப்பமானியோடு வன்னியில் ஐந்து நாள்

முதலாம் நாள்: வவுனியா

புத்தாண்டு கழிந்து இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் எடுத்து, பின்னேரம் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். பையில் உடுப்பை விடக் கவனமாகச் சுற்றி வைத்திருந்தது இரண்டு வெப்பமானிகளை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பாவிக்கும் சாதாரணக் கண்ணாடிக் குழாய்கள்தான். நான் புவியியல் படிப்பிக்கிறேன். போன தவணை ஒரு பிள்ளை வகுப்பில் எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், ஃபோனில வவுனியா முப்பத்தினாலு எண்டு காட்டுது. எங்கட வீட்டுக்க அவியுது, குளத்துக்குக் கீழ அம்மம்மா வீட்ட குளிருது. அப்ப எது சரி?"

மூன்றுமே சரி என்று சொன்னேன். ஏன் என்பதை அந்த மணி அடிப்பதற்குள் ஒழுங்காக விளங்கப்படுத்த முடியவில்லை. அது மனதில் கிடந்து உறுத்தியது. அதனால்தான் இந்தப் பயணம்.

சித்திரையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்கிலிருந்து வரும் வாடை ஓய்ந்துவிட்டது, தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இன்னும் தொடங்கவில்லை. இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் காற்று விழுந்து கிடக்கிற காலம். பெருங்காற்று வீசினால் காடு, குளம், கடைத்தெரு எல்லாவற்றின் மேலுள்ள காற்றையும் ஒன்றாகக் கலக்கி அள்ளிக்கொண்டு போய்விடும். காற்று விழுந்தால் ஒவ்வொரு நிலமும் தன் மேலிருக்கும் காற்றைத் தானே சமைக்கும். அதோடு ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் வன்னிக்கு நேர் மேலே வரும். பகல் 12 மணி தாண்டிப் பத்து நிமிடத்துக்குள் முற்றத்தில் நின்றால் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியிலும் ஒருமுறை அப்படி வரும், ஆனால் அப்போது சோளகம் வீசிக்கொண்டிருக்கும்.

இரண்டு வெப்பமானியையும் ஒரே ஆணியில் ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டோம். ஒன்று மற்றதை விட அரைப் பாகை கூடக் காட்டியது. அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டேன், ஒவ்வொரு தரமும் கழிக்க வேண்டும். வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெள்ளைப் பூச்சுப் பூசிய, தட்டி வைத்த மரப்பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீற்றர் உயரத்தில் வைப்பார்கள். வெளிச்சவீடு கட்டும் பொறியியலாளரான தோமஸ் ஸ்டீவன்சன் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த பெட்டி அது. வெயிலும் நிலத்துச் சூடும் நேரே படாமல், காற்றின் வெப்பத்தை மட்டும் அளப்பதற்கு. செய்தியில் வரும் 34 பாகை அந்தப் பெட்டிக்குள் இருக்கிற காற்றின் சூடு. நாம் அந்தப் பெட்டிக்குள் சீவிப்பதில்லை.

இரவு பத்து மணிக்கு இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். கடைகள் பூட்டிய தெருவில், நெஞ்சு உயரத்தில் ஐந்து நிமிடம் பிடித்தேன்: முப்பதரை. பூட்டிய கடைச் சுவரில் கையை வைத்தால் காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி இருந்தது. அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் ஊர் எல்லையில் ஒரு வெறும் காணிக்குப் போனோம். இருபத்தெட்டு.

பகல் முழுக்கத் தாரும் சீமெந்தும் வெயிலைக் குடிக்கின்றன. இரவில் அதை மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கின்றன. திறந்த காணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தெருவில் இரண்டு பக்கச் சுவரும் ஒன்றின் சூட்டை மற்றதன் மேல் வீசிக்கொண்டு நிற்கும். ஆவியாகிக் குளிர்விக்க அங்கே ஈரமும் இல்லை. இதை முதன்முதலில் அளந்து காட்டியவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து வணிகம் செய்தவர், முகில்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நகரத்து இரவுகள் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தை விட ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் சூடாக இருப்பதை வருடக்கணக்காகக் குறித்து வைத்தார். அந்தப் பெருநகரத்தில் நடந்தது நம் வவுனியாக் கடைத்தெருவிலும் நடக்கிறது.

தம்பி வீடு கூரைக்குச் சீமெந்துத் தட்டுப் போட்ட வீடு. நள்ளிரவில் கட்டிலில் ஏறி நின்று தட்டைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு.

இரண்டாம் நாள்: ஏ9 வீதி

விடிய ஆறு மணிக்கே வெளிக்கிட்டோம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். இந்த வழியால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், ஊர்ப் பெயர்களை இன்றுதான் காது கொடுத்துக் கேட்டேன். குளம், மடு, மோட்டை, முறிப்பு, கட்டு. முறிப்பு என்றால் அணை முறிந்த இடம். மோட்டை சின்ன நீர்நிலை. வன்னியில் பாதி ஊருக்குத் தண்ணீரின் பெயர்தான். குடியிருக்கும் இடத்தைத் தண்ணீர் இருக்கும் இடத்தை வைத்தே எங்கள் ஆட்கள் தெரிந்திருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் வீதியின் இரு கரையிலும் காட்டை வெட்டித் தள்ளினார்கள். ஆகவே ஏ9இல் போகிறவர் காட்டைப் பார்க்கலாம், காட்டின் நிழல் கிடைக்காது. மாங்குளத்துக்கு அங்கால் ஒரு கிரவல் பாதையில் அரைக் கிலோமீற்றர் உள்ளே போய் இறங்கினோம். பதினொன்றரை மணி. பெருவீதியோரம் ஒற்றை மரநிழலில் முப்பத்தைந்து. உள்ளே முப்பத்தொன்றரை.

வன்னிக் காடு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கிற காடு இல்லை. பாலை, வீரை, காயா எல்லாம் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். வேர் ஆழத்துக்குப் போய் ஈரத்தை எடுக்கும், இலை அதை ஆவியாக்கும். அது எவ்வளவு பெரிய வேலை என்று தம்பிக்குச் சொன்னேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போக எடுக்கும் சூட்டில் ஏழு லீற்றர் பச்சைத் தண்ணீரை அடுப்பில் கொதிக்க வைத்துவிடலாம். அந்தச் சூடு முழுவதையும் மரம் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுக்கிறது. இப்படி ஒவ்வொரு மரமும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை செய்கிறது.

அவன் ஒரு பாலையின் அடியில் கையை வைத்துப் பார்த்தான். மரப்பட்டை குளிர்ந்திருந்தது. பழத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று மேலே பார்த்துச் சொன்னான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது, காட்டுக்குள் சுகமாக இருந்தது என்றால் முதல் கால் மணித்தியாலம்தான். பிறகு புழுங்கியது. காற்று அசையவில்லை, மரம் விட்ட ஈரம் அங்கேயே நின்றது, வியர்வை உலரவில்லை. வெப்பமானிக்குக் குறைவு, உடம்புக்குக் குறைவில்லை. காட்டின் ஓரத்தில், நிழலும் இருந்து காற்றும் வருகிற இடத்தில் வந்து நின்றபோதுதான் மூச்சு வந்தது. காடு தொடுகிற இடத்தில் வளவு எடுத்து, பெரிய மரங்களை விட்டுவிட்டு வீடு கட்டிய பழைய ஆட்களை நினைத்துக்கொண்டேன்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு கிளிநொச்சி போனோம்.

மூன்றாம் நாள்: இரணைமடு, பிறகு புதுக்குடியிருப்பு

குளக்கட்டுக்கு விடியப் போக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஐந்தரைக்கே கட்டின் மேல் நின்றோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய நூறு ஆண்டுக் குளம். 2018 டிசம்பரில் ஒரே இரவில் பெருமழை வந்து வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி வெள்ளத்தில் கிடந்தது. இப்போது, சித்திரையில், நீர் நன்றாகப் பின்வாங்கிக் கரையில் சேற்று வெடிப்புத் தெரிந்தது.

"இங்கதான் குளிரப் போகுது, பாருங்கோ அக்கா" என்று தம்பி கொப்பியில் இடம் விட்டு வைத்திருந்தான். கட்டின் மேல் இருபத்தாறரை. கீழே இறங்கி, வாய்க்கால் தாண்டி வயல் வரம்பில் பிடித்தோம். இருபத்தைந்து. அவன் நம்பவில்லை. வெப்பமானிகளை மாற்றி மறுபடி ஏறி இறங்கினோம். அதே கணக்கு.

மண்வெட்டியோடு வந்த ஒரு ஐயா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவர், விசயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது தெரிஞ்ச கதை தானே பிள்ளை. மார்கழியில பனி விழுறது வயலுக்கு. கட்டுக்கு விழாது. நாங்கள் காவலுக்குப் படுக்கிறதே குளக்கட்டிலதான்."

ஒரு கிலோ மண்ணைச் சூடாக்குவதை விட ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்க நாலைந்து மடங்கு வெப்பம் வேண்டும். வெயில் மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும், தண்ணீருக்குள் ஆழம் வரை இறங்கும். அதனால் குளம் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். இரவு முழுக்க வயல் தன் சூட்டை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது, பள்ளத்துக்கு வடிந்து அங்கே தேங்கும். பக்கத்தில் குளம் இன்னும் நேற்றைய வெயிலை வைத்துக்கொண்டிருக்கிறது. பகலில் இது தலைகீழ். மத்தியானம் திரும்பி வந்தபோது கட்டின் மேல் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு மெல்லிய காற்று வந்தது. அந்தக் காற்று தொடும் தூரம் வரை மருதமரங்களின் கீழ் நிற்கச் சுகமாக இருந்தது. சில நூறு மீற்றர் தள்ளிப் போனதும் அது இல்லை. சிறுபோகத்துக்கு உழுது தண்ணீர் விட்ட வயல்கள் மட்டும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் குளிர்த்தின.

வகுப்பில் கேட்ட பிள்ளையின் அம்மம்மா வீடு குளத்துக்குக் கீழ் என்றாள். பகலில் குளக்காற்று, இரவில் வயல் குளிர். அந்த வீட்டுக்கு இரண்டும் கிடைக்கிறது.

பரந்தன் சந்தியால் திரும்பி விசுவமடு, உடையார்கட்டு வழியாகப் புதுக்குடியிருப்பு. பெரியம்மா வீட்டை அடையும்போது ஐந்தரை மணி. மீள்குடியேறியபோது போட்ட தகரக் கூரை இன்னும் அதே தகரம்தான். சுவர் மட்டும் பிறகு கல்லில் எழும்பியிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேலே டிக், டிக் என்று சத்தம். வெயில் இறங்கத் தகரம் சுருங்குகிறது. பெரியம்மா சொன்னார்: "உந்தச் சத்தம் கேட்டாத்தான் பிள்ளை நான் உள்ளுக்குப் போவன். அதுவரைக்கும் குசினிதான் எனக்கு வீடு."

குசினி தனியாக, வேப்பமரத்தின் கீழ், கிடுகு வேய்ந்தது. அடுப்பு எரிகிற இடம் வீட்டை விடக் குளிர்ந்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கிடுகு தடிப்பானது, ஓலைக்கும் ஓலைக்கும் இடையில் காற்று நிற்கும், சூடு கீழே இறங்க விடாது. தகரம் மெல்லியது. அது தானும் கொதித்து, அடுப்புத் தட்டு மாதிரிக் கீழ்நோக்கிச் சூட்டை வீசும். அந்த வீச்சு நேரே தலையில் இறங்குவது. நிழலில் தொங்கும் வெப்பமானியில் அது சரியாகத் தெரியவும் மாட்டாது. தகரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வைத்துக்கொள்ளத் தெரியாது. இரவு எட்டு மணிக்கு வீடு ஆறிவிட்டது, நாங்கள் நன்றாக நித்திரை கொண்டோம். தம்பியின் சீமெந்துத் தட்டு அந்த நேரம் சூட்டை இறக்கிக்கொண்டிருந்திருக்கும்.

ஏன் கிடுகை விட்டோம் என்று கேட்டேன். "இரண்டு வருசத்துக்கு ஒருக்கா வேய வேணும். ஆர் ஏறுறது? பெரியப்பா இருந்தா ஏறுவார்." அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நான்காம் நாள்: முல்லைத்தீவு

காலையில் ஒரு வெப்பமானியைப் பெரியம்மாவிடம் கொடுத்தோம். வாசிக்கக் காட்டிக் கொடுத்து, தகர வீட்டின் நடு அறையில் நெஞ்சு உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். மூன்று மணிக்குப் பார்த்துவிட்டு, கழற்றிக்கொண்டுபோய்க் குசினியில் அடுப்புக்குத் தள்ளி மாட்டி, கால் மணித்தியாலம் கழித்துப் பார்க்க வேண்டும். அதுதான் வேலை. பெரியம்மா அதைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

கடற்கரையில் பத்து மணி வரை ஓலை அசையவில்லை. வெள்ளை மணல் கண்ணைக் கூசியது. மேல் மணலில் கால் வைக்க முடியவில்லை. ஒரு சாண் கிளறினால் குளிர்ந்த ஈரமணல். உலர்ந்த மணல் சூட்டை உள்ளே கடத்தாது, எல்லாவற்றையும் மேலேயே வைத்துக் கொதிக்கும். பத்தே முக்காலுக்குக் கடற்காற்று வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், கதவைத் திறந்து ஆள் வருகிற மாதிரி. கரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு ஓடி வருகிறது. முப்பத்திமூன்றரையில் நின்றது இருபது நிமிடத்துக்குள் முப்பத்தொன்றுக்கு இறங்கியது.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அண்ணை ஒருவர், "இது பின்னேரம் விழும். இரவில கரையிலயிருந்து கடலுக்கு வீசும், அதோட நாங்கள் இறங்குவம்" என்றார். பகலில் நிலம் இழுக்கிறது, இரவில் கடல் இழுக்கிறது. அந்த ஒழுங்கில்தான் அவருடைய சீவியமே நடக்கிறது.

பிறகு நந்திக்கடல் களப்பில் இறங்கித் தண்ணீருக்குள் கை வைத்தேன். ஓரத்தில் முழங்கால் அளவு கூட இல்லாத நீர், ஆக்களைக் குளிப்பாட்ட வைத்த வெந்நீர் போல. இரணைமடுவில் பார்த்தது ஆழநீரின் குணம். ஆழமில்லாத நீர் மண்ணைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

அந்த நீருக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல் நிலத்தில், 2009 சித்திரையில், போர் முடியும் தறுவாயில், பெரியம்மாவும் பெரியப்பாவும் தறப்பாளுக்குக் கீழ் இருந்தார்கள். அவர்களைப் போல் எத்தனையோ ஆயிரம் சனம். நிழல் தர மரம் இல்லை. தறப்பாளுக்குள் மத்தியானம் இருக்க ஏலாது, வெளியில் நிற்கவும் ஏலாது என்று பெரியம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார். செல் விழுந்ததைச் சொல்வார்கள், பசியைச் சொல்வார்கள். அந்த வெக்கையை யாரும் தனியாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த மணலில் நிற்கும்போது உள்ளங்காலால் அது விளங்கியது. அங்கே வெப்பமானியை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள்: ஒட்டுசுட்டான் வழியாக

முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்குத் திரும்பினோம். ஒரு மணிக்கு வானம் வெறுமை. இரண்டு மணிக்கு மேற்கே, நாங்கள் போகிற திசையில், பூக்கோவா மாதிரி முகில் எழும்பி நின்றது. மூன்றுக்கு இடி.

இந்த மழையைச் சித்திரைச் சிறுமாரி என்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த மழை, அது வெளியிலிருந்து வருகிற மழை அல்ல என்பதால். கிழக்கே முல்லைத்தீவுக் கடலிலிருந்து ஒரு கடற்காற்று உள்ளே வருகிறது. மேற்கே மன்னார், வெள்ளாங்குளம் பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறது. நடுவில், மாங்குளம் காட்டுப் பக்கத்தில், இரண்டும் முட்டுகின்றன. முட்டினால் போக இடம் மேலேதான். காடும் குளமும் விட்ட ஈரத்தையும் எடுத்துக்கொண்டு அது உயர, குளிர்ந்து முகிலாகி, பின்னேரம் கொட்டுகிறது. சோளகக் காலத்தில் தென்மேற்கு மலைச்சரிவுகள் நனையும்போது எங்களுக்கு மழை இல்லை, காற்றை மேலே தூக்க வன்னியில் மலை இல்லை. சித்திரையில் மலை செய்யும் வேலையை இரண்டு காற்று சேர்ந்து செய்கின்றன.

கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்ட எங்களைப் பிடித்தது. ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். முதலில் குளிர்ந்த காற்று ஒரு வீச்சு, பிறகு புழுதி வாசம், பிறகு பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத மழை. முப்பத்தைந்தில் நின்ற வெப்பமானி இருபத்தாறுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். தம்பி அதைப் பிடித்துக்கொண்டு கடைக்காரருக்குக் காட்டினான். அவர் ஒரு பிளேன்ரீயைக் கையில் கொடுத்து, "காசு வேண்டாம், மழைக்கு" என்றார்.

முக்கால் மணித்தியாலத்தில் விட்டது. தார் வீதியில் ஆவி பறந்தது. ஏழெட்டுக் கிலோமீற்றர் போனோம், வீதியில் ஒரு கோடு போட்ட மாதிரி ஈரம் முடிந்தது. மாங்குளம் சந்தியில் புழுதி பறந்துகொண்டிருந்தது. நனைந்த உடுப்போடு நின்ற எங்களைப் பார்த்து, "எங்க விழுந்தனீங்கள்?" என்று ஓட்டோக்காரர் ஒருவர் கேட்டார்.

வவுனியா வந்து சேர இருட்டிவிட்டது. ஃபோன் அடித்தது. பெரியம்மா.

"பிள்ளை, நேற்றும் இண்டைக்கும் பார்த்தனான். எழுதிக்கொள். நேற்று வீட்டுக்க முப்பத்தொன்பது, குசினிக்க முப்பத்திநாலு. இண்டைக்கு முகில் போட்டது, வீட்டுக்க முப்பத்தேழு."

எழுதிக்கொண்டேன். சில விநாடி ஒன்றும் பேசவில்லை.

"தம்பி பக்கத்தில நிக்கிறானோ? தகரத்துக்கு மேல பரப்பிவிட எத்தனை கிடுகு வேணுமெண்டு கேள். ஏறுறதுக்கு அவன் வருவான் தானே."

அவன் கொப்பியை வாங்கி, கடைசிப் பக்கத்தில் கூரையின் நீள அகலத்தை வரையத் தொடங்கினான்.